பசிக்கு ஒரு பம்ப்செட்

என் அக்கா மகன் விதுரனுக்குச் சோறு ஊட்டுவதற்காக எங்கள் மச்சான் ஒரு நிலாவையே செய்து மாட்டினார். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கோயம்புத்தூரில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில், மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு அது கூரையிலிருந்து தொங்கியது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வளரும், இன்னொன்றை அழுத்தினால் தேயும், மூன்றாவதை அழுத்தினால் உள்ளே இருக்கும் முயல் காதை ஆட்டும். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறார்கள், நம் பிள்ளை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிலா இல்லாமல் தவிக்கிறானே என்று மச்சானுக்குக் கவலை. அவருக்குக் கவலை வந்தால் உடனே எதையாவது வாங்குவார். வாங்க முடியாவிட்டால் செய்வார்.

மச்சான் ஈஸ்வரமூர்த்தி பம்ப்செட் செய்கிறவர். பூமியில் எங்கே தண்ணீர் மேலே ஏறினாலும் அதில் பாதி தன் மோட்டாரில்தான் ஏறுகிறது என்று சொல்லிக்கொள்வார். செவ்வாய்க் கிரகத்துக்குக் குடி போனவர்களுக்கும் மோட்டார் அனுப்பினார். அங்கே இறைக்கத் தண்ணீர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் லோகநாதன், அவர் மனைவி கோகிலவாணியின் தம்பி. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன், வருஷக் கணக்காக அங்கேயே இருக்கிறேன். காரணம் கேட்டால் பாசம் என்று சொல்லுவேன். உண்மையான காரணம் அந்த வீட்டுச் சமையல்காரர் வெள்ளிங்கிரி அண்ணன்.

விதுரனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் சாப்பிடும் வைபவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேஜையைச் சுற்றி ஒரு குட்டி ரயில் ஓடும், பெட்டிக்கு ஒரு கவளம். ரயில் பலிக்காவிட்டால் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு ட்ரோன்கள் வரிசையாகப் பறந்து வரும். அதுவும் பலிக்காவிட்டால் ஓர் இயந்திர யானை தும்பிக்கையில் இட்லியோடு வந்து மண்டி போடும். கடைசி ஆயுதம் நான். கரடி வேஷம் போட்டுக்கொண்டு மேஜைமேல் ஏறி ஆடுவேன். இவ்வளவையும் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை ரொம்ப மரியாதையாகச் சொல்லும்:

"சூப்பரா ஆடறீங்க மாமா. ஆனா எனக்குப் பசிக்கலையே."

அடம் பிடிக்கிற பையனாக இருந்தால் இரண்டு அதட்டுப் போடலாம். இவன் அப்படியில்லை, தங்கமான பிள்ளை. ஒரு நாள் என் மடியில் உட்கார்ந்து கேட்டான்: "மாமா, பசின்னா எப்படி இருக்கும்? வலிக்குமா?" அந்த வீட்டில் பசி எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே யாராவது பாதாம் பாலோ, கச்சாயமோ, மாதுளை முத்துகளோ ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள். பிள்ளை ஒட்டடைக் குச்சியாக இருந்தான். டாக்டர்கள் எல்லோரும் எல்லாம் நார்மல் என்றார்கள். அக்கா பூஜை அறையிலேயே குடியிருந்தாள்.

எல்லோரையும்விட அதிகம் நொந்துபோனவர் வெள்ளிங்கிரி அண்ணன்தான். ஆள் ஆஜானுபாகு. யாரைப் பார்த்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "சாப்டீங்களா?" தபால்காரர், கரண்ட் பில் பார்க்க வருகிறவர், வழி தெரியாமல் கேட் பக்கம் வந்தவர், யாரானாலும் அதே கேள்விதான். ஒரு தடவை வருமான வரிக்காரர்கள் சோதனைக்கு வந்தபோது கதவைத் திறந்ததே அவர்தான். "வாங்க, சாப்டீங்களா?" என்றார். அவர்கள் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, திறந்த பீரோவின் முன்னாலேயே தூங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் போட்டு முடித்து, சாயங்காலம் ஆகும்போதுதான் அவர் உட்காருவார். பானையின் அடியில் பிடித்துக் கருகின காந்தலைச் சுரண்டித் தட்டில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்தால், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவனுக்கும் மறுபடி பசிக்கும். எனக்கு எத்தனையோ தடவை பசித்திருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் மச்சான் எங்கிருந்தோ ஃபர்ஹானாவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சின்னப் பெண், ஆராய்ச்சிக்காரி, ஊருக்குள்ளேயே கரும்புக்கடைப் பக்கம் வீடு. கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இரண்டு இடுப்புப் பெல்ட், ஒரு மீட்டர்.

"இது மாயமெல்லாம் இல்லீங்க சார்" என்றாள். "வயித்துல இருந்து மூளைக்குப் பசிக்குதுன்னு ஒரு தகவல் போகுதில்லீங்களா? அதை ஒருத்தர்கிட்ட எடுத்து இன்னொருத்தருக்கு அனுப்பறோம். குடுக்கறவருக்கு ஒரு பெல்ட், வாங்கறவருக்கு ஒரு பெல்ட்."

மச்சான் முகம் மலர்ந்தது. "பம்ப்செட்டுன்னு சொல்லும்மா! தண்ணி இருக்கற கெணத்துல இருந்து இல்லாத தோட்டத்துக்கு ஏத்தறோம். இதத்தான நான் காலம்பூரா பண்ணிட்டிருக்கேன்!"

"அப்படியும் சொல்லலாங்க. ஆனா ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், அரை மணி நேரந்தான். அதுக்கு மேல ஓட்டக் கூடாது. அப்பறம், குடுக்கறவரு தவறாம சாப்பிடணும். ஏன்னா பசிக்கற வயிறு அவரோடது. அவரு சாப்பிட்டாத்தான் தம்பிக்கு அடங்கும்."

"சரிம்மா, சரிம்மா" என்றார் மச்சான். மோட்டார் வாங்கினவர்கள் விளக்கப் புத்தகத்தைப் படிப்பதில்லை என்று தினமும் புலம்புகிற மனுஷர் அவர்.

இனி கொடுப்பதற்கு ஆள் வேண்டும். வீட்டில் யாருக்குப் பசி அதிகம் என்று ஃபர்ஹானா மீட்டரை வயிற்றுக்கு நேராக நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் என்னை மிஞ்சிச் சாப்பிட ஆள் கிடையாது. முள் அசையவேயில்லை.

"மெஷின் ரிப்பேருங்களா?" என்றேன்.

"இல்லீங்க சார். உங்களுக்கு இருக்கறது பசி இல்ல. வெறும் நாக்கு."

அக்கா அதற்கு அப்படிச் சிரித்திருக்க வேண்டாம். அடுத்து வெள்ளிங்கிரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முள் விருட்டென்று போய் மறு கோடியில் முட்டி நின்றது. ஃபர்ஹானா மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் முட்டியது.

"அண்ணா, கட்டாயம் எதுவுமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க அம்மிணி" என்றார் அவர். "இந்தப் பையனுக்குப் பல்லு மொளச்சதுல இருந்து ஆக்கிப் போடறேன். ஒரு நாளாச்சும் 'அண்ணா, பசிக்குது, சோறு போடுங்க'ன்னு கேட்டதில்லீங்க. கேக்காத சோத்த ஆக்கறது ரொம்பச் சங்கட்டமுங்க. ஒரே ஒருக்கா வாய் விட்டுக் கேட்டு வாங்கித் தின்னுட்டான்னா எனக்குப் போதும். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க."

பையனிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சத்து ஏற்றும் பெல்ட் என்று அக்கா சொல்லிக் கட்டிவிட்டாள். ஃபர்ஹானாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஸ்விட்சைப் போட்டாள்.

விதுரன் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு கண்கள் இரண்டும் தட்டுப்போல விரிந்தன.

"மாமா! உள்ள யாரோ இருக்காங்க! உள்ள இருந்து இழுக்கறாங்க!"

அவ்வளவுதான். ரயில் பெட்டியில் இருந்ததைத் தின்றான். ட்ரோன் பறக்குமுன் எட்டிப் பிடித்துத் தின்றான். யானையின் தும்பிக்கையிலிருந்த இட்லியைப் பிடுங்கியபோது யானை தடுமாறி மூக்குக் குப்புற விழுந்தது. நான் கரடித் தலையை மாட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் என் பங்கு சந்தகையும் காலி. அக்கா அழுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி அழுகிறாள். மச்சான் ஃபாக்டரிக்கு போன் போட்டு அத்தனை பேருக்கும் இனிப்புக்கு ஒப்புட்டு கொடுக்கச் சொன்னார். வெள்ளிங்கிரி அண்ணன் சமையலறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "வாய் விட்டுக் கேக்கலீங்க. தட்டு முன்னாலயே இருந்துது, எடுத்துத் தின்னுட்டான்" என்றார். "பரவால்லீங்க, தின்னான்ல" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஃபர்ஹானா கிளம்பிப் போனதும் மச்சான் வேலையைக் காட்டினார். "அரை மணி நேரமாம்! தோட்டத்துல மோட்டாரப் போட்டா கடைசி வாய்க்கா நெறையற வரைக்கும் எவனாச்சும் நிறுத்துவானா மாப்ளே? கரண்ட்டு இருக்கு, கெணத்துல தண்ணியும் இருக்கு. ஓடட்டும்."

பெல்ட் ராத்திரி பகலாக ஓடியது. முதல் சில நாட்கள் எங்கள் வீடு கல்யாண வீடாக இருந்தது. பையன் கன்னத்தில் சதை வைத்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அவனுக்குத் தானாகவே ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் எழுந்தால் வாட்ச்மேனிடம் போய், "சாப்டீங்களா?" என்பான். டிரைவரே இல்லாத காரைப் பார்த்தும் ஒரு தடவை கேட்டான். ஸ்கூலில் கணக்கு டீச்சரைக் கேட்டு, அவர் இல்லை என்று சொன்னதும் தன் டப்பாவையே கொடுத்துவிட்டு வந்தான். டீச்சர் அக்காவுக்கு போன் செய்து அழுதார்.

சாயங்காலம் ஆனால் அவனுக்கு வேறொரு ஆசை வந்தது. அக்கா தன் சிநேகிதிகளை எல்லாம் அழைத்து விருந்து வைத்திருந்த நாளில், நடுக்கூடத்தில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, பானைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்குமே, கருப்பா, மொறுமொறுன்னு? அது வேணும்" என்றான்.

"கருகலாடா கேக்கறே? யாரு வீட்லடா அதப் பாத்தே?"

"பாத்ததே இல்லம்மா. ஆனா நாக்குல இருக்கு."

பெரிய வீட்டு அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

என் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சாம்பாரில் ஏதோ குறைந்தது. உப்பு இருந்தது, புளி இருந்தது, பெருங்காயமும் இருந்தது. அக்காவைக் கேட்டால் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? இது யாரோ அளவு பார்த்துச் செய்த சாம்பார். இதைச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தவர் யாருமில்லை. மறுநாள் ரசம் அப்படி. அதற்கு மறுநாள் கொள்ளுப் பருப்பைத் தின்றபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதற்காகவா நான் சொந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே இருக்கிறேன்? கேட்டுவிடுவது என்று சமையலறைக்குப் போனேன்.

வெள்ளிங்கிரி அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க தம்பி" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான் கொண்டுவந்த கோபம் அப்படியே காற்றாய்ப் போய்விட்டது. சட்டை அவர்மேல் தொளதொளவென்று தொங்கியது. கன்ன எலும்பு தெரிந்தது. எல்லோரும் பையன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இவர் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை.

"நீங்க சாப்டீங்களாண்ணா?" என்று நான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "நேத்து... முந்தாநேத்துங்களா? நெனப்பு இல்லீங்க. ஒண்ணும் வேண்டியிருக்கல. நல்லாத்தான் இருக்கறேன் தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாக இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது.

அதே நேரம் கூடத்திலிருந்து விதுரன் அலறினான். "மாமா! சாப்பிடச் சாப்பிடப் பசிக்குது மாமா! வயிறு முட்டிப்போச்சு, ஆனாலும் பசிக்குது!"

ஓடினேன். பையன் வயிறு பலூனாக உப்பியிருந்தது. கண்ணில் தண்ணீர். ஆனாலும் கை தானாகத் தட்டுக்குப் போனது. மச்சான் பக்கத்தில் நின்று, "வளர்ற பையன், சாப்பிடு சாமி" என்று இன்னொரு கரண்டி வைக்கப் போனார். கரண்டியை நான் பிடுங்கினேன். வாழ்நாளில் மச்சானிடமிருந்து நான் பிடுங்கிய முதல் பொருள் அதுதான். மற்றதெல்லாம் கேட்காமலே கொடுத்துவிடுவார்.

நான் போன் போட்டதும் ஃபர்ஹானா அரை மணியில் வந்து சேர்ந்தாள். மீட்டரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"விடாம ஓட்டினீங்களா சார்?"

"நல்லாத்தானம்மா ஏறிட்டிருந்துது..."

"பசி பூராத்தையும் எடுத்துட்டீங்க. பசியே இல்லாத மனுசனுக்குச் சாப்பிடத் தோணுமா? அவரு சாப்பிடறதையே விட்டுட்டாரு. அவரு வயிறு காலியா கெடக்கு, இங்க தம்பி சாப்பிட்டுச் சாகறாரு. இப்படியே போனா ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்."

விதுரன் மெதுவாகக் கேட்டான். "அப்போ இது என் பசி இல்லையா? வெள்ளிங்கிரி அண்ணாவோடதா?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெல்ட்டக் கழட்டிரலாம்" என்றார் மச்சான். "வேணும்னா வேற ஆளப் போட்டுக்கலாம். நம்ம ஊர்ல பசிக்கா பஞ்சம்? கேட்ல ஒரு போர்டு வெச்சா வரிசையில நிப்பாங்க."

"நிப்பாங்க சார்" என்றாள் ஃபர்ஹானா. "அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு." பிறகு சொன்னாள்: "இப்பக் கழட்ட முடியாதுங்க. கழட்டினா பசி தம்பிகிட்டயே தங்கிரும். அண்ணனுக்குத் திரும்பிப் போகாது. கெணத்துல தண்ணி இல்லாம மோட்டாரு ஓடினா என்ன சார் ஆகும்?"

மச்சான் வாய் தானாகச் சொன்னது. "காத்துப் புடிச்சுக்கும். அப்பறம் தண்ணி ஏறாது."

"அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"மேல இருந்து தண்ணிய ஊத்தி, காத்த வெளிய எடுத்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அந்த மனுஷர் கண் கலங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஐயோ, வெள்ளிங்கிரிக்கு நாம சோறு ஊட்டோணும்."

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. வெள்ளிங்கிரி அண்ணனைக் கொண்டுவந்து பையனின் நாற்காலியில் உட்கார வைத்தோம். பெரிய ஹோட்டலிலிருந்து மச்சான் வகை வகையாக வரவழைத்தார். குட்டி ரயில் ஓடியது. "வேண்டாமுங்க" என்றார் அவர். ட்ரோன்கள் பறந்தன. "நல்லா இருக்குதுங்க, ஆனா வேண்டாமுங்க." யானை மண்டி போட்டது. நிலா வளர்ந்தது, தேய்ந்தது, முயல் காதை ஆட்டியது. "அட, முயலுங்க!" என்று அவர் வாயைத் திறந்த சமயம் பார்த்து அக்கா ஒரு கவளத்தைத் திணிக்கப் பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். நான் கரடி வேஷத்தில் மேஜைமேல் ஏறி ஆடினேன். தொழிலதிபர் ஈஸ்வரமூர்த்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கூட ஏறி ஆடினார்.

"மொதலாளி, எறங்குங்க, எனக்குச் சங்கட்டமா இருக்குது" என்றார் வெள்ளிங்கிரி அண்ணன். குரலில் பலமே இல்லை. "பசிக்கலீங்களே. நான் என்ன பண்ணட்டும்?"

இதே வார்த்தையை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறோம்! நான் கரடித் தலையைக் கழற்றிவிட்டு மேஜைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் விதுரன் எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன், அதுவரை அந்த வாசற்படியைத் தாண்டினதில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, அவருக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பசி எங்கிட்டத்தான இருக்கு?"

"என்னடா வேணும்?"

"அரிசிம்பருப்பு."

நான் சாப்பிடத் தெரிந்தவன், சமைக்கத் தெரிந்தவன் அல்ல. ஆனால் வெள்ளிங்கிரி அண்ணன் பக்கத்தில் நின்று தேங்காய்ச் சில்லைத் திருடித் தின்றுகொண்டே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அரிசியும் துவரம்பருப்பும் களைந்தோம். எண்ணெயில் சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு. பையன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் சமைத்தான்.

"இன்னும் வெங்காயம் மாமா. பத்தலை. இன்னும். ஆ, இப்ப வருது! நாக்குல இருக்கறது அப்படியே வருது!" கிளறிக்கொண்டே கேட்டான்: "எதுக்கு மாமா அவரோட பசிய எனக்குக் குடுத்தாரு? அப்பா குடுக்கச் சொன்னாங்களா?"

"இல்லடா. நீ ஒரே ஒரு தடவ 'பசிக்குது, சோறு போடுங்க'ன்னு வாய் விட்டுக் கேக்கோணும்னு அவருக்கு ஆசை."

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேருமாக நின்றதில் அடுப்பை யாரும் கவனிக்கவில்லை. குப்பென்று புகை கிளம்பியது. வீடு முழுக்கத் தீ எச்சரிக்கை மணி அலறியது. இயந்திர யானைக்குத் தீயணைக்கவும் கற்றுக் கொடுத்திருந்தார் மச்சான். அது சமையலறைக்குள் நுழைந்து தும்பிக்கையை நீட்டி என் முகத்தில் தண்ணீரைப் பீச்சி அடித்தது. "அங்க இல்லடா, அடேய், நிறுத்துடா!" என்று மச்சான் அதன் வாலைப் பிடித்து இழுக்க, யானை திரும்பி அவரையும் குளிப்பாட்டியது. இந்த அமர்க்களத்தில் பையன் அடுப்பை அணைத்துவிட்டுப் பானைமேல் குப்புறக் குனிந்து நின்று, சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பாற்றினான்.

"கருகிப்போச்சேடா" என்றேன், அழாத குறையாக.

"கருகணும் மாமா! அதான் வேணும்!" என்று பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வெள்ளிங்கிரி அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பையன் தட்டைப் போட்டு, நெய் விட்டு, கையால் பிசைந்தான். "ஆ காட்டுங்கண்ணா."

"வேண்டாங்க கண்ணு."

"நான்தான் செஞ்சேன். நீங்க சாப்பிடலேன்னா எனக்குப் பசி அடங்காது. வலிக்குதுண்ணா."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பசி இல்லாதவர்தான், மனசு இல்லாதவர் இல்லையே. வாயைத் திறந்தார். மருந்தை விழுங்குகிறவர் போல விழுங்கினார். பையன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கத்தினான்: "எறங்குது! கொஞ்சம் எறங்குது!" அடுத்த வாய். "இன்னும் எறங்குது!" ஃபர்ஹானா மீட்டரை அவர் பக்கமும் இவன் பக்கமும் மாற்றி மாற்றி நீட்டினாள். அக்கா கைகூப்பிக்கொண்டு நின்றாள். மச்சான் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "ஊத்து சாமி, ஊத்து, காத்து வெளிய வந்துரும்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பையன் பானையின் அடியைச் சுரண்டி, கருகின காந்தலை ஒரு பிடி எடுத்து அவர் வாயில் வைத்தான். அவர் மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். புருவத்தைச் சுளித்தார். மறுபடியும் மென்றார்.

"உப்புப் பத்தலீங்களே" என்றார். "யாருங்க இத ஆக்குனது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மீட்டர் முள் துள்ளியது. அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பானையையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்தார். ஒரு காலும் ஒரு கையும் கரடியாக, சொட்டச் சொட்ட நனைந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"லோகு தம்பி, என்னங்க இது கோலம்? நீங்க சாப்டீங்களா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை.

அன்று சாயங்காலமே ஃபர்ஹானா பெல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். மச்சான் அவளிடமிருந்து பெட்டியை வாங்கி, தன் மோட்டாருக்குக் கீழே வைத்து நசுக்கித் தரட்டுமா என்று கேட்டார். வரிசையில் நிற்கப்போகிறவர்களை நினைத்தாளோ என்னவோ, அவள் சரி என்றாள். வருஷக் கணக்காக உழைத்துச் செய்த பெண், நசுங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். போகிற அவசரத்தில் மீட்டரை மட்டும் சமையலறை அலமாரியிலேயே மறந்துவிட்டாள்.

அதற்கு முன்னால் மச்சான் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தார். "வெள்ளிங்கிரி, எனக்கும் பசிச்சுச் சாப்பிட்டு ரொம்ப வருசமாச்சுப்பா. ஒரே ஒரு வேளைக்கு மட்டும்..."

வெள்ளிங்கிரி அண்ணன் அந்த வீட்டில் எதற்கும் மாட்டேன் என்று சொன்னவரில்லை. அன்றைக்குச் சொன்னார். "சோறு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க மொதலாளி, அண்டாவுல ஆக்கிப் போடறேன். பசிய மட்டும் கேக்காதீங்க. அது எனக்கு வேணுமுங்க."

பத்துப் பதினைந்து நாள் அவர் படுத்து எழுந்து, பழைய உடம்பில் பாதி திரும்பி, மறுபடி அடுப்படிக்கு வந்தார். கிண்ணம் நீட்டுகிற வேலையை வீட்டில் எல்லோரும் விட்டிருந்தோம். பையன் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் இன்னமும் பேருக்குத்தான் சாப்பிட்டான். அவர் திரும்பி வந்த அன்று மத்தியானம் நான் நாலு ஒப்புட்டு, அதற்குமேல் இரண்டு ஒப்புட்டு, ஒரு செம்பு மோர் எல்லாம் முடித்துவிட்டு, மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டு சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தேன். அரிசிம்பருப்பு கொதிக்கிற வாசனை. விதுரன் உள்ளே வந்தான். வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, பசிக்குது. சோறு போடுங்க."

கரண்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்னங்க கண்ணு சொன்னீங்க?"

"பசிக்குதுண்ணா."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"பசிக்குது, பசிக்குது, பசிக்குது!"

அவர் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிய வெகு நேரம் ஆயிற்று. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அலமாரியிலிருந்த மீட்டரை எடுத்துப் பையன் வயிற்றுக்கு நேராக நீட்டினேன். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை.

விதுரன் மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதட்டின்மேல் விரலை வைத்தான்.

நான் மீட்டரை அரிசிமூட்டைக்குள் ஆழமாகச் செருகினேன்.

வெள்ளிங்கிரி அண்ணன் திரும்பினார். கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. பையன் தட்டில் மலைபோலப் போட்டார், நெய்யைக் குடத்தோடு கவிழ்க்காத குறை. பையன் முதல் வாயை எடுத்து வைத்தான். அப்புறம் அவர் என்னைப் பார்த்தார்.

"லோகு தம்பி, நீங்க சாப்டீங்களா?"

"இல்லீங்கண்ணா, பசி உயிர் போகுது" என்று சொல்லி, பையன் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.